"ஒன்றுமில்லை" என்று எழுதிய ஐம்பத்திரண்டு நாட்கள்

அனுப்புநர்:
கணினி நிர்வாகி (தற்போது பணியிடை நீக்கத்தில்),
மருந்து மொத்த விநியோக நிறுவனம்,
கிடங்குத் தெரு.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
ஊதியத் தகராறுகள் பிரிவு.

பொருள்: என் பணிக்குரிய நியாயமான ஊதியத்தை நிர்ணயிக்கக் கோருதல், அதற்கு முன்பாக, நாளை மறுநாள் சனிக்கிழமை மாலைக்குள் ஒரு மணி நேரம் மட்டும் என் பணியிடத்துக்குள் செல்ல அனுமதி பெற்றுத் தரக் கோருதல் (மிக அவசரம்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து ஊதியம் தொடர்பான மனு ஒன்றைக் கொடுத்தேன். என் முறை வர மூன்று வாரங்கள் ஆகும் என்று முன்னறை எழுத்தர் தெரிவித்தார். என் ஊதியம் மூன்று வாரம் காத்திருக்கும். ஆனால் இன்னொன்று காத்திருக்காது என்பதால் இந்த இரண்டாம் மனுவை எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கும்படி வேண்டுகிறேன்.

1. மேற்படி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் தட்டச்சராகச் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில், கம்ப்யூட்டர்களைப் பராமரித்து வந்த வெளி நிறுவனத்தின் ஒப்பந்தத்தை முதலாளி நிறுத்திவிட்டார். "நீதான் சூட்டிகையா இருக்கியேம்மா, நீயே பாத்துக்கயேன்" என்றார். பார்த்துக்கொண்டேன். புத்தகம் வாங்கிப் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன், விடுமுறை நாட்களில் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். முப்பத்தெட்டு பேர் வேலை செய்யும் அந்த இடத்தில் கணினி நிர்வாகி என்று இருப்பவள் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைக் கம்ப்யூட்டர் அக்கா என்பார்கள். நியமன ஆணையில் மட்டும் இன்றுவரை தட்டச்சர் என்றுதான் இருக்கிறது. ஊதியமும் அந்தப் படியை விட்டு ஏறவில்லை.

2. மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறையில் நிறுவனத்தின் சர்வர் இருக்கிறது. எலி வளையானாலும் தனி வளை என்று அதிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்த மருந்து எத்தனை இருக்கிறது, எது எப்போது காலாவதியாகும், எந்தக் கடைக்கு எது போக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான். குளிர் அறையில் வெப்பம் ஏறினால் கிடங்குப் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்புவதும் அதுவே. அந்தக் குளிர் அறையில் சர்க்கரை நோயாளிகளின் ஊசி மருந்தும் குழந்தைகளின் தடுப்பு மருந்தும் இருக்கின்றன.

3. இந்த ஆண்டுத் தொடக்கத்தில், செய்யும் வேலைக்குத் தக்க ஊதியம் தரும்படி முதலாளியிடம் எழுத்து மூலம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயமா ஒரு கணக்கு போட்டுடுவோம்மா. மூணு மாசம் நீ பாக்குற வேலைய ஒரு நோட்டுல எழுதிட்டு வா" என்றார். எனக்கு அது சரியான வழியாகத்தான் பட்டது. நோட்டு போட்டேன்.

4. என் தவறு இங்கேதான் நடந்தது. அதை மறைக்கப் போவதில்லை. எங்கள் தொழிலில் ஏதாவது கெட்டுப் போனால்தான் அதை ஒரு நிகழ்ச்சி என்போம். எல்லாம் ஓடினால் சொல்வதற்கு ஏதும் கிடையாது. அந்தப் பழக்கத்தில், எதுவும் பழுதாகாத நாட்களில் "இன்று ஒன்றுமில்லை" என்று எழுதி வைத்தேன். மொத்தம் எழுபத்தெட்டு வேலை நாட்கள். அதில் ஐம்பத்திரண்டு நாட்களுக்கு "ஒன்றுமில்லை". நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

5. அந்த நோட்டைக் கணக்குப் பார்த்தவர் மேலாளர். அவர் முதலாளியின் மருமகன். அலுவலகத்தில் மாப்பிள்ளை என்றே சொல்வோம். அவர் ஒரு சிவப்புப் பேனாவால் ஐம்பத்திரண்டு பக்கங்களிலும் குறுக்குக் கோடு போட்டார். மீதம் இருபத்தாறு நாட்கள். ஆகவே மூன்றில் ஒரு பங்கு வேலை, மூன்றில் ஒரு பங்கு ஊதியம், இனிமேல் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று முடிவு எழுதினார். "நீங்களே எழுதிக் கொடுத்ததுதானேம்மா" என்றார். ஐயா, உயர்வு கேட்கப் போனவள் இருந்ததையும் இழந்து வந்தேன்.

6. அந்த ஒன்றுமில்லாத ஒரு நாளில் நடந்ததை மட்டும் இங்கே எழுத அனுமதி வேண்டுகிறேன். காலை ஏழே முக்காலுக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன், சர்வரின் முந்தைய நாள் பதிவுகளைப் பார்ப்பேன். எடுத்த பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்று இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்ப்பேன். வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தவர்களின் பட்டியலைப் படித்து அடைப்பேன். பில் போடும் பெண்களின் கம்ப்யூட்டரில் தெரியாத மின்னஞ்சல் ஏதும் திறக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பேன். குளிர் அறையின் எச்சரிக்கை சரியாகப் போகிறதா என்று பொய்யாக ஒன்றை அனுப்பிச் சோதிப்பேன். பத்து மணிக்குள் இத்தனையும் முடியும். இவற்றைச் செய்ததனால்தான் அன்று ஒன்றுமில்லை.

7. இதே விளக்கத்தை மாப்பிள்ளையிடமும் எழுதிக் கொடுத்தேன். அதே வாரத்தில் சர்வரில் இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று செயலிழந்தது. இரண்டிலும் ஒரே விவரம்தான் இருக்கும். கட்டிலை இருவர் தூக்கிப்போவதைப் போல. ஒருவர் கையை விட்டுவிட்டார், மற்றவர் தள்ளாடியபடி தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று மாப்பிள்ளைக்குப் புரியும்படி எழுதி, புதிய டிஸ்க் வாங்க ஒப்புதல் கேட்டேன். மீதமிருந்த டிஸ்க்கிலும் பிழைகள் மூன்று நாளில் நான்கிலிருந்து நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏறியிருந்ததைக் குறிப்பிட்டேன். அந்தக் கடிதத்தின் ஓரத்தில் அவர் எழுதியது: "சம்பளப் பேச்சு முடியட்டும்." நான் பயம் காட்டிப் பணம் பறிக்கப் பார்ப்பதாக அவர் நினைத்திருக்கிறார். நகலை இணைத்துள்ளேன்.

8. மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை, வாசலில் என் சாப்பாட்டுப் பையைச் சோதித்தார்கள். பதினோரு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. பையில் பேக்கப் டிஸ்க் இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் அப்படி ஒன்று என்னோடு வீட்டுக்கு வரும். மறுநாள் அது திரும்பிப் போக, மற்றொன்று வரும். மேல்மாடித் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கணக்கு அறை முழுவதும் நனைந்த ஆண்டில், "ஒரு காப்பி கட்டடத்துக்கு வெளிய இருக்கணும்மா, உன் வீட்டுலயே வச்சுக்க" என்று முதலாளிதான் சொன்னார். வாய்ச்சொல். எழுத்தில் இல்லை. தகவல் திருட்டு என்று சொல்லி அங்கேயே நிறுத்தி வைத்து, பணியிடை நீக்க ஆணையைக் கையில் கொடுத்தார்கள். நான் முதலாளியின் அறைக்குப் போய், அவர் சொன்னதை நினைவூட்டினேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றார். ஐயா, திருடி என்ற பட்டத்தைவிட அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

9. நேற்று கிடங்குப் பொறுப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, ஒரு பில்லு போட அரை மணி நேரம் சுத்துதுக்கா. உங்க ரூம்ல டொக்கு டொக்குனு ஒரு சத்தம் வேற வருது" என்றார். அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை சரக்கு எண்ணுவதற்காக விற்பனையை நிறுத்தும்போது சர்வரை அணைத்துவிட்டு மறுபடி போடப் போவதாகவும் சொன்னார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்னு மாப்ள சொல்றாருக்கா" என்றார். ஒன்பது ஆண்டுகளாக இந்த வைத்தியத்தை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள் நானேதான். ஆனால் அந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கை ஒருமுறை நிறுத்தினால், மறுபடி சுழலாமலே போகக்கூடும். அணைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பணியிடை நீக்கத்தில் இருப்பவளோடு இனிப் பேசக் கூடாது என்று அவருக்கு உத்தரவு வந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளைக்கும் முதலாளிக்கும் தனித்தனியே பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். அது சனிக்கிழமைக்குள் போய்ச் சேருமா என்று தெரியவில்லை.

10. நான் வெளியேறிய பிறகு ஆறு நாட்களாகப் பேக்கப் எடுக்க ஆள் இல்லை. பறிமுதல் செய்த டிஸ்க் மாப்பிள்ளையின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சர்வர் விழுந்தால் ஆறு நாள் விவரம் போகும். அது போகட்டும், பில்லை மறுபடி போடலாம். எச்சரிக்கை நின்றது தெரியாமல் குளிர் அறை சூடாகி, கெட்டுப்போன ஊசி மருந்து கடைகளுக்குப் போய்விட்டால் அதை யார் திருப்பி எடுப்பது? அப்போதும் பழி என் தலையில்தான் விழும். கோபத்தில் கெடுத்துவிட்டுப் போனாள் என்பார்கள்.

11. நியாயமான ஊதியம் எவ்வளவு என்று தாங்கள் கேட்கலாம். நிறுவனம் ஒரு நாள் முடங்கினால் எவ்வளவு நட்டம் என்று பார்த்து அதில் பங்கு கேட்கலாம் எனச் சிலர் சொன்னார்கள். அது கூலி ஆகாது, மிரட்டல் ஆகும். இதே அளவுள்ள வேறு நிறுவனங்களில் இதே பொறுப்பைத் தனி ஆளாகச் சுமப்பவர்களுக்கு என்ன தருகிறார்களோ அதைத் தந்தால் போதும். விடுமுறையிலும் அழைத்தால் வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என் மகளின் பள்ளி ஆண்டுவிழாவில், அவள் மேடையேறிய நேரத்தில், வாசலில் நின்று பிரிண்டரைச் சரிசெய்யத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாளும் ஒன்றுமில்லாத நாள்தான்.

12. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் கொழுந்தனார் நேற்று, "விடுங்க அண்ணி, விழட்டும். நிழலோட அருமை வெயில்லதான் தெரியும்" என்றார். எனக்கும் அந்த ஆசை வந்தது. சனிக்கிழமை மாலை அந்தப் பெட்டி நின்று, மாப்பிள்ளை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இனிப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குளிர் அறையின் ஊசி மருந்து நினைவுக்கு வந்தது. காலையில் எழுந்து, என் சேமிப்பிலிருந்து புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். சர்வரை அணைக்காமலே பழையதை எடுத்துவிட்டு இதைப் பொருத்தலாம்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து:

அ) சனிக்கிழமை மாலைக்குள் ஒரு மணி நேரம் நான் சர்வர் அறைக்குள் செல்ல நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். தங்கள் அலுவலர் ஒருவரும் மாப்பிள்ளையும் காவலாளியும் என் பக்கத்திலேயே நிற்கட்டும். பையைச் சோதிக்கட்டும். நான் தொடும் ஒவ்வொன்றையும் படம் பிடிக்கட்டும். அதுவரை சர்வரை யாரும் அணைக்காதிருக்கட்டும்.

ஆ) அதன்பின், என் முறை வரும்போது, எழுபத்தெட்டு நாட்களையும் எழுபத்தெட்டு நாட்களாகவே எண்ணி என் ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டும்.

இ) திருட்டுப் பழியை நீக்க வேண்டும்.

மூன்றில் ஒன்றைத்தான் இந்த வாரம் செய்ய முடியும் என்றால், முதலாவதைச் செய்யுங்கள்.

டிஸ்க்கை மாற்றிவிட்டால் திங்கட்கிழமை காலை பில் ஓடும், குளிர் அறை குளிர்ந்திருக்கும், யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. அவள் சொன்னதெல்லாம் வெறும் பூச்சாண்டி, பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று மாப்பிள்ளை தங்கள் முன் வந்து சொல்வார். அதை மறுக்க என்னிடம் அப்போது எந்தச் சான்றும் இருக்காது. அது தெரிந்துதான் ஐயா, முதலாவதைக் கேட்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக முன்னறை
நாள்: 15, வியாழக்கிழமை, முற்பகல்

மேலே எழுதிய யாவும் உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுபவர்,

(கையொப்பம்)
கணினி நிர்வாகி

இணைப்பு: பணிக்குறிப்பு நோட்டின் நகல் (சிவப்புக் கோடுகளுடன்); டிஸ்க் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல்; பணியிடை நீக்க ஆணை; பதிவுத் தபால் ரசீதுகள் இரண்டு.

குறிப்பு: உத்தரவு கிடைக்கும்வரை முன்னறையிலேயே காத்திருக்கிறேன். புதிய டிஸ்க் கையில் இருக்கிறது.