நான் போனால் மட்டும்

என் சின்னவளுக்கு,

உன் அப்பாவை இன்னும் ஊசி மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். கண் பாதி திறந்திருக்கிறது. அது உலர்ந்துவிடாமலிருக்க நர்ஸ் களிம்பு தடவுகிறாள். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்.

வாயு மயக்கத்தில் எலியின் மூச்சு தளரும். யார் தொட்டாலும் துடிப்பு மாறாது. ஊசி மயக்கம் லேசாக இருந்தால் அப்படியில்லை. ஊசி குத்திய என் கை அருகே வந்தாலே போதும், திரையில் இதயத் துடிப்பு எகிறும். மற்றவர்கள் வந்தால் ஏறாது. "அக்கா, உங்களக் கண்டாலே எலிக்கு ஆகல" என்று கூட வேலை செய்பவன் கிண்டலடிப்பான்.

நேற்று நர்ஸ் சொன்னாள்: "நீங்க உள்ள வந்தா மட்டும் சாருக்குத் துடிப்பு ஏறுதும்மா. எவ்ளோ பாசம் பாருங்க!"

நானும் சிரித்துவைத்தேன்.

மாடிப்படியில் அவர் தடுமாறியபோது பிடிக்கத்தான் கையை நீட்டினேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

வாரக் கடைசியில் மயக்கத்தைத் தெளிவிக்கப் போகிறார்களாம். அதற்குள் ஒருமுறை வந்து அவர் பக்கத்தில் நில்லடி. நீ என்றால் அவருக்கு உயிர். நீ போனாலும் துடிப்பு ஏறினால், அது பாசம்தான்.

ஏறாவிட்டால் என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் விழிக்கும்போது நீ மட்டும் இரு.

அம்மா