வைரூரி கேட்கச் சொன்னது

அன்பு மகன் கிபோருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், தோஹா வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. உன் தங்கை செரோப் குழந்தையோடு வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனாள், குழந்தைக்கு உன் மூக்கு அப்படியே. மழை பிந்திவிட்டது, சோளம் இடுப்பளவுகூட வளரவில்லை. போனில் இதையெல்லாம் சொல்லியிருப்பேன், ஆனால் நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

தேவாலயக் கூடத்தில் லகத் வாத்தியார் நாடகம் போட்டார் அல்லவா, அந்தத் தேர்தல் கலவரத்தில் ஊர் இரண்டாகிப் போனதைப் பற்றி, இரண்டு குடும்பத்துக் கதையாக. கொல்லப்பட்டவனின் மனைவியாக நடிக்க வைரூரியே வந்துவிட்டாள். மாவு மில் முராயாவின் மனைவி தன் கதையைத் தானே நடிக்கிறாள் என்று ஊரே பேசியது. கொன்ற கூட்டத்தோடு போன பையனின் தாயாக நிற்கத்தான் நம் இனத்துப் பெண்களில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. ஒருநாள் வைரூரி நம் கீரைப் பாத்திக்கே வந்து நின்றாள். “யாராவது ஒருத்தி நிக்கணும், கிபோர் அம்மா. நீ வந்து நில்லு”ன்னாள். பதினாறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி, மறுக்க வாய் வரவில்லை. உன் அப்பா மட்டும், “ஆறுன புண்ணை ஏன்டி சொறியுற”ன்னு கத்திவிட்டு, ஒரு வாரம் என் கையால் முர்சிக் மோர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆறியதா என்று அவரிடம் நான் கேட்கவில்லை, சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஒத்திகை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. போலீஸ்காரன் வந்து உங்கள் மகன் எங்கே இருந்தான் என்று கேட்பான், நான், “என் மகன் அன்னைக்குப் பூரா என்கூட உக்காந்து சோளம் உதிர்த்துக்கிட்டிருந்தான்” என்று சொல்ல வேண்டும். வாத்தியார் யாரிடமும் கேட்காமல் தானாக எழுதிய வசனம் அது. அன்று நிஜப் போலீசிடம் நான் சொன்னதும் இதேதான் என்று அவருக்குத் தெரியாது. ஒத்திகையில் பத்துத் தடவை சொன்னேன், நாக்கு தடுக்கவே இல்லை.

நாடகத்தன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடம் நிறைந்து சன்னலிலும் ஆட்கள். போலீஸ் வேடக்காரன் நோட்டைத் திறந்து கேட்டான். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கலவரத்தன்று நீ வீட்டுக்கு வந்த கோலம்தான் கண்முன் நின்றது, சட்டையில் மண்ணெண்ணெய் வாடை, நான் ஒன்றும் கேட்காமல் அதைக் கழற்றித் துவைத்தேனே. வசனம் மறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அப்போது எதிரே நின்ற வைரூரி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “என் மகன் சோளம் உதிர்த்துக்கிட்டிருந்தான்... சொல்லு”ன்னு எடுத்துக் கொடுத்தாள். அவள் வாயால் அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை, கிபோர். “இல்ல. அவன் வீட்டுல இல்ல. என் மகன் கிபோர் அந்தக் கூட்டத்தோட போயிருந்தான்” என்று சொல்லிவிட்டேன். உன் பெயரையே சொல்லிவிட்டேன். நாடகத்தில் அந்தப் பையனுக்கு வேறு பெயர். பின்னால் யாரோ, “திரையை இழுங்கடா”ன்னு கத்தினார்கள், வாத்தியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. உன் அப்பா, “சொல்லிட்டியா”ன்னார். சொல்லிட்டேன் என்றேன். “இனி அவன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்”ன்னு சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தேவாலயத்தில் என் பெஞ்சில் இப்போது நான் ஒருத்திதான். யார் மீதும் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வருகிறது.

மூன்றாம் நாள் வைரூரி வந்தாள், தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு எப்போதுமே தெரியுமாம், முராயாவைக் கொன்ற அன்று மில் கதவோரம் நீ நின்றதைச் சோளக் கொல்லையில் பதுங்கியிருந்து பார்த்தாளாம். தெரிந்திருந்தும் ஏன் அந்தப் பொய்யை எடுத்துக் கொடுத்தாய் என்று கேட்டேன். “நீ அங்கேயே விழுந்துடுவியோன்னு பயந்துட்டேன்”ன்னாள். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். போகும்போது சொன்னாள், “கடைசியா அவரு வாய் அசைஞ்சதைப் பார்த்தேன், தூரத்துல சத்தம் கேக்கல. உன் பையன் பக்கத்துல நின்னான். என்ன சொன்னாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. போலீஸ், கோர்ட்டு ஒண்ணும் வேணாம்.”

மகனே, நீ கையால் என்ன செய்தாய் என்று நான் இன்றும் கேட்கவில்லை. அதைத் தாங்க எனக்கு இன்னும் பலம் வரவில்லை. ஆனால் முராயா என்ன சொன்னார் என்பதை நீ எழுத வேண்டும். திட்டியிருந்தாலும் எழுது, உன் பெயரைச் சொல்லிக் கெஞ்சியிருந்தாலும் எழுது. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் கடவுள் ஒருவர்தான், அவர் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். மறக்காதே, பதிலை எனக்கு அனுப்பாதே. உறையின் மேல் வைரூரி என்று எழுது.

உன்னைப் பெற்றவள்,
ஜெரோனோ