நிரந்தர விலாசம்

செவ்வாய். கொழும்பு, வெள்ளவத்தை.

வங்கி ஒன்றின் கணினிப் படிவத்தை நாங்கள் மூன்று பேர் தனித்தனியாகச் சோதித்து, ஆட்கள் எங்கெங்கே தடுமாறுவார்கள் என்று பட்டியல் போட்டிருந்தோம். பட்டியல் சரியோ என்று பார்க்க இன்றைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்காவைக் கூப்பிட்டு இருத்தினோம். கடகடவென்று நிரப்பிக்கொண்டு போனவ, நிரந்தர விலாசம் கேட்ட இடத்தில் நின்றுவிட்டா.

"தங்கச்சி, கிளிநொச்சி எண்டு போட்டால் இதை ஆர் ஆர் பார்ப்பினம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டா.

எங்கள் பட்டியலில் அது இல்லை. மூன்று பேரில் ஒருவர் கண்ணிலுமா படவில்லை என்று மனேஜர் கத்தினார். அந்தாளுக்கென்ன, கத்தலாம்.

சோதித்த அன்றைக்கு நானும் அதே இடத்தில்தான் நின்றனான். படிவத்தில் பிழை என்று தோன்றவேயில்லை. என்னில்தான் பிழை என்று நினைத்தனான். என்ர வன்னி ஊரின் பெயரைக் கண்டால் சந்தேகப்படுவினமோ என்று பயந்து, நிரந்தர விலாசமாக நான் தங்கியிருக்கிற இந்த லொட்ஜ் அறையின் இலக்கத்தை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனனான்.