பொங்கலுக்குக் கொடுத்த வெள்ளைத் தூள்

பிரிஞ்சாங்
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய தோட்டத்து ஆபீஸ் கிராணி சுகுமாரன் ஐயா அவர்களுக்கு, தேயிலை காய வைக்கும் டிரையரில் வேலை பார்த்த ராமையா வணக்கத்துடன் எழுதுவது.

எழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதை மன்னிக்க வேண்டும். எழுபத்து மூன்று வயதில் கற்ற எழுத்து. இந்த வரிக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. கோவில் மண்டபத்தில் உமாதேவி டீச்சர் எட்டு மாதமாகச் சொல்லிக் கொடுக்கிறார். என் பெயரை நானே எழுதிய அன்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் எழுதும் முதல் கடிதம் உங்களுக்குத்தான்.

இங்கே நல்ல மழை. நம் பழைய தேயிலைத் தொழிற்சாலையை இடிக்கிறார்கள். உடம்பு முழுக்க மூடி, முகத்தில் குழாய் மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். டிரையர் குழாய்களில் நான் வெறுங்கையால் பிய்த்துப் பூசிய அதே கல்நாரை, அந்த அஸ்பெஸ்டாஸை, பைக்குள் பை போட்டுக் கட்டுகிறார்கள்.

மிச்சத் தூளைப் பொங்கலுக்கு முன்னால் எங்கள் லயத்து வீடுகளுக்குக் கொடுப்பீர்களே, ஞாபகம் இருக்கிறதா? “பாஞ்சாலை, இத கொழச்சு அடுப்ப மெழுகு லா, பத்து வருஷத்துக்கு வெடிக்காது” என்று என் மனைவியிடம் சாக்கை நீட்டியது நீங்கள். கட்டி இல்லாமல் இருக்கட்டும் என்று அவள் அதைச் சல்லடையில் சலிப்பாள். வீடெல்லாம் வெள்ளையாகப் பறக்கும். உங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

போன ஆடியில் பாஞ்சாலை போய்விட்டாள். நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல் மூன்று மாதம் உட்கார்ந்தபடியே இருந்தாள். கல்நார் நெஞ்சுக்குள் போனால் முப்பது, நாற்பது வருடம் சத்தமில்லாமல் இருக்குமாம். அவள் தொழிற்சாலை வாசலையே மிதித்ததில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். வீட்டுக்குள் அந்தத் தூள் எப்படி வந்தது என்று கேட்டார்.

தொழிற்சாலை ஸ்டோரைக் காலி செய்த பையன் மகேன் தூக்கி எறிந்த பைலில் ஒரு தமிழ் நோட்டீசு கிடந்தது. சிவப்புத் தலைப்பு. வருடம் 1987. அரை மணி நேரம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கல்நார்த் தூளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மூச்சில் கலந்தால் உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. கீழே, தொழிலாளர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது என்று உங்கள் கையெழுத்து.

அந்த வருடம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அதைப் பலகையில் ஒட்டினீர்கள். என்னங்கய்யா என்று கேட்டவன் நான். “லீவு நோட்டீசு லா, போயி வேலயப் பாரு” என்றீர்கள். அடுத்த பொங்கலுக்கும் சாக்கு வந்தது. தூளை மலையிறக்க லோரி தேடும் தொல்லை உங்களுக்கு விட்டது.

பாஞ்சாலையின் சாவு பற்றிய விசாரணை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. கண் தெரியவில்லை, ஒன்றும் ஞாபகமில்லை என்று எங்கள் வக்கீல் ப்ரியாவிடம் சொன்னீர்களாம். பரவாயில்லை. நோட்டீசைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மருமகள் மோகனாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும். வருகிறேன் என்று பதில் வராவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்கடுத்த வாரமும். எனக்கு வேறு வேலை இல்லை.

முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுசு தரட்டும். சளி, இருமல் எதுவும் அண்ட வேண்டாம். அன்றைக்கு லயத்து சனம் அத்தனை பேரும் வருகிறோம். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி நீங்கள் அந்தத் தாளை வாசிக்க வேண்டும். அதற்கு நல்ல மூச்சு வேண்டும் ஐயா.

இப்படிக்கு,
பாஞ்சாலையின் கணவன்
ராமையா