பிரின் பேசுவதற்கு ஆன நேரம்

அன்பு டெலியா,

உன் இருமல் விட்டுப்போய், கப்பல் சமையலறையில் பழையபடி நின்று வேலை செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அப்பாவுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது, ஏன் என்று நீ கேட்கவே வேண்டாம். போன சனிக்கிழமை தல்சாவில் உன் தங்கை பிரினுக்கு சாஃப்ட்பால் போட்டி, கல்லூரிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து பார்க்கிற போட்டி. பள்ளி முடிவதற்கு முன் அவளுக்கு இதுதான் கடைசிக் கோடை. அன்று நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், பிரின் என் மகள் என்று சொல்லவில்லை. பிரினிடம், அந்த அம்மாள் எதை அளக்கிறார் என்று சொல்லவில்லை. முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி என்ன நினைப்பது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

அப்பா வழக்கம்போல் பந்து வாளியை வேலியோரம் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னால் கூடார நிழலில் புத்தகத்தோடு இருந்தேன். ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மாள் மடக்கு நாற்காலியோடு வந்து கொஞ்சம் நிழல் கிடைக்குமா என்று கேட்டார். கையில் இருந்த நோட்டையும் ஸ்டாப்வாட்சையும் பார்த்ததும் யார் என்று புரிந்தது. அவருக்கும் என்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "உங்க பொண்ணு இதுல ஆடுறாளா இல்லையான்னு சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா நான் நாற்காலியத் தூக்கிட்டு வெயிலுக்குப் போகணும். போட்டி முடியுற வரைக்கும் பெத்தவங்களோட பேசக் கூடாதாம்" என்றார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

இப்படி ஆள் எடுக்க வருகிறவர்களுக்குப் பிடித்த மாதிரி ஆடுவது எப்படி என்று அப்பாவும் கோச் ராய்ஸும் நான்கு வருஷமாகப் பேசாத பேச்சா. பையைத் தானே சுமக்க வேண்டும், வேலி வழியாக அம்மா தண்ணீர் பாட்டில் நீட்டக் கூடாது, அம்பயரை முறைக்கக் கூடாது, பிரினைப் போல மட்டையாளர் பின்னால் நிற்கும் கேட்சர் இரண்டாம் தளத்துக்கு எறிந்தால் பந்து இரண்டு விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும், கல்லூரிக்கு எழுதும் மின்னஞ்சல் அவள் கைப்பட எழுதியதாக இருக்க வேண்டும். அதில் நான் ஒரு காற்புள்ளிகூட வைக்கவில்லை. அதனால் இந்த அம்மாளும் எறிவதைத்தான் அளப்பார் என்று நினைத்தேன். பிரின் இரண்டு முறை அருமையாக எறிந்து, அடுத்த தளத்துக்குத் திருட்டு ஓட்டம் ஓடியவர்களை அவுட்டாக்கினாள். ஸ்டாப்வாட்ச் மடியிலேயே கிடந்தது. ஆனால் இரண்டாம் தளத்தருகே நிற்கும் நம் அணி ஷார்ட்ஸ்டாப் டார்பி கால் நடுவே பந்தை விட்டதும் அவர் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்கியது. டார்பி முழங்காலைத் தட்டினாள், தொப்பியைச் சரிசெய்தாள், பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மறுபடி அமுக்கினார். ஒன்பது விநாடி. எதிரணியில் ஒருத்தி அவுட்டாகி மட்டையை வீசினாள், அவளுக்கு நாலு நிமிஷம். மூன்று நான்கு பேரைப் பார்த்த பிறகு பிடிபட்டது. தப்புச் செய்ததற்கும் அடுத்தவளிடம் வாய் திறப்பதற்கும் நடுவே ஆகும் நேரத்தை அவர் அளக்கிறார். பந்து எங்கே போகிறது என்று பார்ப்பதே இல்லை. இவ்வளவு வருஷம் ஆட்டம் பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை. பிரினைக்கூட மறந்துவிட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் பிரினின் நினைவு வந்தது. உன் சைக்கிளை உடைத்துவிட்டு அவள் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறதா. அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. காலை ஆட்டத்தில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் சட்டை எண்ணுக்கு எதிரே நோட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

மதியம் காரின் பின்கதவைத் திறந்துவைத்துச் சாப்பிடும்போது அவளே கேட்டாள். "அந்தம்மா பக்கத்துலதானம்மா உக்காந்திருந்த, என்னதான் எழுதுறாங்க?" எழுத்து பொடியாக இருக்கிறது, தெரியவில்லை என்றேன். சொல்லியிருந்தால் அவள் முயற்சி செய்து பேசியிருப்பாள். அந்த அம்மாள் கல்லூரிக்கு எடுத்துப்போவது பிரினாக இருக்காது, நான் சொல்லிக்கொடுத்த வேறு ஒருத்தியாக இருக்கும், நான்கு வருஷம் தூரத்தில் தனியாக அவள் அதையே நடிக்க வேண்டியிருக்கும், அப்படி நினைத்தேன். இப்போது யோசித்தால், எறியக் கற்றுக்கொடுத்ததை நாம் நடிப்பு என்றா சொல்கிறோம், பேசக் கற்றுக்கொடுப்பது மட்டும் எப்படி நடிப்பாகும் என்றும் தோன்றுகிறது. அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு பேசுடி பேசுடி என்று கத்தியிருப்பார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஐந்தாம் இன்னிங்ஸ். பிரின் எறிந்த பந்து இரண்டாம் தளத்துக்கு மேலே பறந்து போனது, அவர்களுக்கு இரண்டு ரன். எதிரணிப் பெண் ஒருத்தியின் அப்பா, "அந்தப் பந்து பக்கத்து மாநிலத்துல, கான்சாஸ்ல போய் விழுந்திருக்கும், யாராவது போன் போட்டுக் கேளுங்கப்பா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்கியது. பந்து வீசுகிறவள் பிரினிடம் வந்து ஏதோ சொன்னாள், இவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த இன்னிங்ஸில் ராய்ஸ் அவளை உட்கார வைத்து வேறொருத்தியை இறக்கினார். புதிதாக இறங்கியவளின் கால் கவசத்தின் வார் கழன்று தொங்கியது, பிரின் எழுந்துபோய் மண்டியிட்டு அதை இழுத்துக் கட்டினாள். அம்மாள் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார், நானும் சாய்ந்தேன். பிரின் கட்டி முடித்தாள், தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். வாய் திறக்கவில்லை. விரல் அசையவில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் கைகொடுக்க வரிசையில் நின்ற பிறகுதான் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். நாற்காலியை மடக்கிக்கொண்டு, "நிழலுக்கு நன்றிம்மா. நீங்களும் ரொம்ப அமைதியான ஆள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த "நீங்களும்" என்ற சொல்லைத்தான் மூன்று நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறேன், பிரின் என் மகள் என்று கண்டுபிடித்துவிட்டாரோ என்று. உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினேழு வயது, இப்போது பிரினுக்கு இருக்கும் வயது. அந்த வயதில் யாராவது என்னிடம் எதையாவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது, மறைக்காமல் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, அடுத்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நீ பட்டினி கிடக்காதே. பல் டாக்டரைப் பார்த்தாயா இல்லையா என்று இந்த முறையாவது ஒரு வரி எழுது. ஞாயிற்றுக்கிழமை பிரினைக் கூப்பிட்டுப் பேசு, நான் சொல்லும்வரை ஸ்டாப்வாட்ச் பேச்சை மட்டும் எடுக்காதே. கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் மனசு நினைத்தது நடக்கட்டும்.

உன் அம்மா,
கோரின்

வியாழன். கடிதம் ஒட்டாமல் மேசையிலேயே கிடந்துவிட்டது. அந்தக் கல்லூரி டார்பியைக் கேட்டு ராய்ஸுக்கு எழுதியிருக்கிறது. பிரினைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நேற்று சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வாரப் போட்டிக்கு அவளும் அப்பாவும் போகிறார்கள். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.