பின்கட்டின் காவிக் கோடு

நகத்துக்குள் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த வாசனைதான் வருகிறது. உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நல்லூர்ப் பக்கம் நாம் பாதி அளந்துவிட்டு வந்த அந்தப் பண்ணை வீடு நினைவிருக்கிறதா? இடிப்பதற்கு முன் வரைபடமாவது மிஞ்சட்டும் என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு போனோமே. பின்கட்டு வெறும் மாட்டுக் கொட்டகை, அதை மட்டும் இடிக்கப்போகிறேன் என்றார் வீட்டுக்காரர். அதற்கு அவர் காட்டிய சாட்சி, முன்வீடும் பின்கட்டும் சேரும் மூலையில் துருத்திக்கொண்டிருந்த பீங்கான் துண்டுகள். "செராமிக் கம்பெனி வந்தப்புறம் எங்கப்பா கட்டுனதும்மா. இல்லன்னா ஒடஞ்ச கப்பு எப்புடி சுவத்துக்குள்ள வரும்?"

நீ விடவில்லை. "நம்ம விருத்தாசலத்துல எலி வளையக் கண்டா எல்லாரும் ஒடஞ்ச கப்பத்தாங்க சொருவுறாங்க. அது சுவரோட வயசு இல்லீங்க, எலியோட வயசு." அவரே சிரித்துவிட்டார். அடுத்த வாரம் பிடுங்கிப் பார்த்துவிடலாம் என்றாய். அடுத்த வாரம் உன் வீட்டு வாசலில் சாமியானா போட்டு, சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது, பாதி வேலையில் விட்டுப் போனவள் மேல். பல மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்று வீட்டுக்காரரே போன் செய்தார்: "காலைல ஜேசிபி வருதும்மா. பாக்கணும்னா வாங்க." இன்று முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. பீங்கான் துண்டுகளைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டன. பொந்துக்குள் செல்போன் வெளிச்சம் அடித்தால், முன்வீட்டுச் சுவருக்குப் பின்னால் பின்கட்டின் வெளிச்சுவர், வெள்ளையடித்து, காவிக் கோடு இழுத்தபடி அப்படியே நிற்கிறது. கோடு போட்டு முடித்த சுவரின்மேல்தான் முன்வீட்டை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள்; பின்கட்டுதான் மூத்தது. மாட்டுக் கொட்டகைக்கு யாரடி காவிக் கோடு இழுப்பார்கள்? உனக்குப் போன் போட விரல் போய்விட்டது.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "அப்ப மொதல்ல எங்க ஆளுங்க இதுலதான் இருந்தாங்களா?" என்றார். பிறகு டிரைவரிடம் போய், "பின்னாடி கை வெக்காதப்பா. வண்டிய எடுத்துக்க" என்றார்.

மீதியை அளந்தேன். டேப்பின் மறுமுனையை அவர் பிடித்தார். "ஒருத்தி அளவச் சொன்னா இன்னொருத்தி திருப்பிச் சொல்லணும்டி, அப்பத்தான் அது அளவு" என்பாயே. அந்தப் பழக்கத்தில் உரக்கச் சொன்னேன்: "ஒம்பதடி நாலு அங்குலம்."

"யாருக்கும்மா கத்துறீங்க, நான் எதிர்லதான இருக்கேன்" என்றார் அவர்.

நீ திருப்பிச் சொல்ல ஆகும் நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்த சுவருக்குப் போனேன்.