வெயிலில் வைத்த தூண்டில்

என் பிரியமுள்ள அண்ணா,

குன்னூரில் இன்று காலைதான் மழை விட்டது. கடையைத் திறந்து, ஆணி டப்பாக்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் "வியாபாரத்தப் பாரு மொதல்ல" என்று விரட்டியிருப்பாய். விரட்ட ஆளில்லை, எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. போன வாரம் அண்ணி என்னிடம், "ஏனம்மிணி, ஞாயித்துக்கெழம அணைக்குப் போலாமா?" என்று கேட்டார். நீ போனதிலிருந்து ரேஷன் கடை, கோயில் தவிர எங்கும் போகாதவர். உன்னோடு எமரால்டு அணைக்கு வந்தபோதெல்லாம் நீ தூண்டில் போட, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியவர். இப்போது தானே தூண்டில் போட வேண்டுமாம். அதுவும் உன் தூண்டிலில், உன் கையால் ரீலில் சுற்றிய அதே நைலான் நரம்பில். வேறு எதுவும் வேண்டாமாம்.

அங்கேதான் சிக்கல்.

உன் தூண்டிலை அவர் எங்கே வைத்திருந்தார் தெரியுமா? இந்த ஊரில் பெட்டியில் போட்டு மூடிய எதுதான் பூஞ்சை பிடிக்காமல் தப்பியது? உன் கல்யாணக் கோட்டும் பெல்ட்டும் ஒரே மழைக்காலத்தில் வெள்ளை பூத்துவிட்டன. பயந்துபோன அண்ணி, தூண்டிலையாவது காப்பாற்ற வேண்டுமென்று, வீட்டில் நல்ல வெயில் விழும் ஒரே ஜன்னலில், உன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். தான் குளிர் காய உட்காரும் நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தை அதற்குக் கொடுத்தார். மலையில் இருப்பவர்கள் வேறென்ன பெரிய மரியாதை செய்ய முடியும்?

ஆனால் நைலானுக்கு வெயில்தான் எமன். கயிறு விற்கிறவள் நான், கடை வாசலில் தொங்கவிட்ட சுருள் என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியாதா? அண்ணி அடுப்படியில் இருந்தபோது நரம்பின் நுனியை விரலில் சுற்றி மெதுவாக இழுத்தேன். சேமியா மாதிரி உடைந்தது.

அணையில் மீன் இழுத்து, அவர் கையிலேயே அது அறுந்தால்? மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டார் என்று பயந்தேன். அதே நிறத்தில் புது நரம்பு வாங்கி வந்தேன். அவருக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம் என்றுதான். நீ முறைப்பது எனக்குத் தெரிகிறது. மனசு வராமல் பையிலேயே வைத்திருந்தேன்.

யூசுப் அண்ணனைக் கூப்பிட்டேன். ஞாயிறுதோறும் உன்னோடு கரையில் உட்கார்ந்தவர் சொன்னால் அண்ணி கேட்பார் என்று நினைத்தேன். தையல் மெஷினை மூடிவிட்டு வந்தார். நரம்பைத் தடவிப் பார்த்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்தார், "நல்லாத்தானுங்க இருக்குது தங்கச்சி" என்றார். பாவி மனுஷன்! ரவிக்கை மூச்சு முட்டினாலும் "தொவைச்சா லூசாயிருமுங்க" என்று சொல்லி அனுப்புகிறவர் வேறெப்படிப் பேசுவார்?

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இல்லீங்க அண்ணி. வெயில்ல இத்துப்போச்சு. மீன் இழுத்தாத் தாங்காது."

அண்ணி நரம்பை இழுத்துப் பார்த்தார். அறுந்தது. இன்னொரு முறை இழுத்தார், அதுவும் அறுந்தது. "அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டேனா?" என்றார்.

இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய் அண்ணா? நான் அறுந்து விழுந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

யூசுப் அண்ணனுக்கு அப்போதுதான் உண்மை பேசத் தைரியம் வந்தது. "மேல சுத்துனதத்தான் வெயிலு தின்னுருக்கும் தங்கச்சி. அடியில இருக்கறத இழுத்துப் பாருங்க."

அண்ணி தரையில் உட்கார்ந்து, ரீலிலிருந்து முழம் முழமாக உருவி, அறுத்து அறுத்துப் போட்டார். அவரைச் சுற்றிலும் துண்டுகளாகக் கிடந்தன. பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்து டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. நரம்பு அறுபடவில்லை. நம்பாமல், குக்கரின் பிடியில் அதைக் கட்டித் தூக்கிப் பார்த்தார். குக்கர் மேலே வந்தது.

மிஞ்சியது கொஞ்சம்தான். "இது அடியிலயே இருக்கட்டும், மேல புதுசச் சுத்திக்கலாம். நாங்கெல்லாம் அப்படித்தானுங்க பண்ணுவோம்" என்றார் யூசுப் அண்ணன். நான் பையிலிருந்து புது நரம்பை எடுத்து நீட்டினேன். அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கலர் பாத்துத்தான் வாங்கியிருக்கற" என்றார். அதை யூசுப் அண்ணனிடம் நீட்டினார். யூசுப் அண்ணன் எச்சில் தொட்டு இரண்டு நரம்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அணைக்குப் போனோம். பனி விலக நேரமானது. அண்ணி ராகி மாவை உருட்டி முள்ளில் வைத்து வீசினார். முதலில் கரைப் புல்லில்தான் போய் விழுந்தது. நான் சிரித்தேன், திட்டு வாங்கினேன். அப்புறம் ஒரு வழியாகத் தண்ணீரில் விழுந்தது. வெகுநேரம் கழித்து மீன் இழுத்து ரீல் கத்த ஆரம்பித்ததும் யூசுப் அண்ணன் கை நீட்டிக்கொண்டு ஓடினார். "நவுருங்க, நானே பாத்துக்கறேன்" என்று அண்ணி கொடுக்க மறுத்துவிட்டார். பெரிய கெண்டைதான். முதுகைப் பார்த்தேன். அது பாறைப் பக்கம் திரும்பி ஓடியது. டப்பென்று ஒரு சத்தம்.

புது நரம்பு, அண்ணா. கடையில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத நரம்பு பாறையில் உரசி அறுந்துபோனது. இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது நடந்தே விட்டது. அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். யூசுப் அண்ணனும் அப்படியே நின்றார்.

"ஏனுங்ணா, ரெண்டு பேரும் எதுக்குச் செலையாட்டம் நிக்கறீங்க?" என்றது அண்ணியின் குரல். "இன்னொரு முள்ளு கட்டுங்க."

அன்று ஒரு மீனும் கிடைக்கவில்லை. இருட்டும் முன்பு அவரைக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் எங்கள் பாடு பெரும்பாடாகிவிட்டது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணி தாங்கமாட்டார் என்று நானாக முடிவு கட்டி இனி எதையும் அவரிடம் மறைக்கமாட்டேன். எது அறுந்தாலும் அவர் கண்ணெதிரிலேயே அறுபடட்டும். முள் கட்டிக் கொடுக்க நான் பக்கத்தில் இருப்பேன்.

இப்போதுதான் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
சரசு